கட் சொல்லாத மத்தியானம்

செம்பனைவிளைக்காரர்களிடம் அந்தக் காலத்தில் மணி என்ன என்று கேட்டால், எந்தத் தெருவில் என்று திருப்பிக் கேட்பார்கள். குசும்பு இல்லை, ஊர் நிலைமை அப்படி. மற்றத் தெருக்களில் காலை ஏழு என்றால் ஏழு, ராத்திரி ஒன்பது என்றால் ஒன்பது. ஊருக்குத் தெற்கே தேரிக்காட்டு ஓரத்தில் சினிமாக்காரர்கள் கட்டிப்போட்டுப் போன தெருவில் மட்டும் எப்போது போனாலும் மத்தியானம் பன்னிரண்டு, உச்சி வெயில், அவனவன் நிழல் அவனவன் காலுக்கடியில். பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தது. அந்தத் தெருவில், இடுப்புத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வலதுகையை விரித்துவைத்தபடி, கண்ணைச் சுருக்கி நேரே பார்த்துக்கொண்டு நின்றவர் செல்லக்கனியின் வீட்டுக்காரர் சுயம்பு.

நடந்தது இதுதான். மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி கௌபாய் படம் எடுக்க வந்தது. அமெரிக்காவுக்குப் போக வழியில்லாத, ஆனால் அமெரிக்காவை எடுக்காமல் ஓயமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்ட மார்த்தாண்டம் என்கிற டைரக்டர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவந்த மணலாகக் கிடந்த தேரியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நாலடி நடந்து, அடடா, இதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் எங்கேயோ போய்ப் படம் எடுக்கிறானே என்று சொன்னாராம். உடனே இரண்டு வரிசையாகப் பலகை வீடுகள் எழும்பின, முன்பக்கம் மட்டும் உள்ள வீடுகள், பின்னால் போனால் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்திருக்கும். ஒன்று பாங்கி, ஒன்று சாராயக்கடை, ஒன்று ஜெயில். அமெரிக்காவில் பனைமரம் கிடையாது என்று யாரோ சொல்ல, பனைகளுக்கெல்லாம் சாக்குச் சுற்றினார்கள். கள்ளி உண்டு என்று சொல்ல, வேலிக் கள்ளியைப் பிடுங்கி நடுத்தெருவில் வைத்தார்கள். ஜட்கா வண்டிக் குதிரைகள் வந்தன. தொப்பி மட்டும் போதவில்லை என்று ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு ஓலையில் அகலத் தொப்பி முடையச்சொல்லி, அதற்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார்கள். செல்லக்கனி ஒருத்தியே நாற்பது தொப்பி முடைந்தாள்.

சுயம்பு பனையேறி. பதினாலு வயசிலிருந்து பனையைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறிக் கால் இரண்டும் வில்லாக வளைந்து, நடந்தால் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி புகுந்து போகலாம். அந்த நடையை டைரக்டர் பார்த்தார். பிறந்ததிலிருந்து குதிரைமேலேயே வாழ்ந்தவன் இப்படித்தான் நடப்பான் என்று துள்ளிக் குதித்தார். வில்லனுக்குப் பதிலாகக் கடைசிச் சண்டையில் நிற்க சுயம்புவைப் பிடித்துப்போட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெருவின் இந்தக் கடைசியில் வில்லன், அந்தக் கடைசியில் கதாநாயகன். காமிரா சுயம்புவின் முதுகுக்குப் பின்னால் தரையில். வளைந்த அந்த இரண்டு காலுக்கும் நடுவே தூரத்தில் கதாநாயகன் சின்னதாகத் தெரிய வேண்டும்.

நிற்பதில் என்ன இருக்கிறது என்பீர்கள். முதல்நாள் கழுத்தில் எறும்பு கடித்தது, சொறிந்துவிட்டார். இரண்டாம்நாள் பனைமேலிருந்து ஒருவன், ஏ சுயம்பு, பதநி வேணுமா என்று கத்த, வேணும்டே என்று தலையைத் தூக்கினார். மூன்றாம்நாள் குதிரை தும்மியதற்கு நூறு ஆயுசு என்று சொல்லித் தொலைத்தார். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"யோவ், நான் கட் சொல்ற வரைக்கும் அசையாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? உன் ஒருத்தனால மூணு டப்பா பிலிம் குப்பையில போச்சு. பனைமரம் நிக்கிற மாதிரி நிக்கத் தெரியாத நீயெல்லாம் என்னய்யா பனையேறி!"

வேடிக்கை பார்க்க வந்த மொத்த ஊரும் கொல்லென்று சிரித்தது. தொப்பிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது, தலையைக் குனிந்துகொண்டாள். அதைச் சுயம்பு பார்த்தார். அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

நாலாம்நாள் சுயம்பு நின்றார். அப்பா, என்னா நிற்பு! டைரக்டர் ஆக்‌ஷன் என்றார். அந்த நேரம் பார்த்துக் கதாநாயகன், தான் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தவர், சாராயக்கடை வாசலில் கட்டியிருந்த வில்லன் குதிரையையும் தன் குதிரையையும் மாறிமாறிப் பார்த்தார். வில்லன் குதிரை தன் குதிரையைவிட ஒரு சாண் கூடுதல் உயரம். இதுக்கு மேலே நான் இங்கே நின்றால் எனக்கு மானம் மரியாதை இல்லை என்று தொப்பியோடேயே காரில் ஏறிப் போய்விட்டார். டைரக்டர் பின்னால் ஓடினார், ஜீப் ஓடியது, வேன் ஓடியது, சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். காமிராவைத் தூக்கிக்கொண்டு போனவர்கூடக் கடைசியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கட் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே சுயம்பு அசையவில்லை, அவர் தலைக்கு மேலே நின்ற சூரியனும் அசையவில்லை.

ஊரில் சாயங்காலம் வந்தது, விளக்கு வைத்தார்கள், கோழி அடைந்தது. அந்தத் தெருவில் மட்டும் வெயில் அப்படியே காய்ந்தது. முதல் ஒரு வாரம் ஜனங்கள் பயந்தார்கள், அதுவும் சூரியனுக்குப் பயந்து அல்ல. உச்சிப்பொழுதில் வெட்டவெளியில் தனியாகப் போனால் பேய் அடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, நாள் முழுக்க உச்சியென்றால் என்ன ஆவது? பிறகு யோசித்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு ஒரு உச்சிக்குப் பழகின பேய், இருபத்துநாலு மணி நேரமும் எப்படிப் பாடுபடும், அதற்கும் அலுக்காதா என்று பட்டது. பயம் போய்விட்டது. அடுத்த வாரம் ஒருத்தி கொஞ்சம் மிளகாய்வற்றலைக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். சாயங்காலத்துக்குள் சருகாகக் காய்ந்து, குலுக்கினால் விதை சலசலவென்றது.

அவ்வளவுதான், ஊர் விழித்துக்கொண்டது. மிளகாய், கருவாடு, கூழ்வடகம், அப்பளம், பனங்கிழங்கு எல்லாம் அந்தத் தெருவுக்குப் போனது. ஐப்பசி கார்த்திகையில் ஊரெல்லாம் மழை கொட்டும்போது தெருமுனையோடு மழை நின்றுவிட, பத்து ஊர்க்காரன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இடம்பிடிக்கச் சண்டை போட்டான். சலவைக்காரர்கள் கொடி கட்டினார்கள். காமாலை கண்ட பச்சைப்பிள்ளைகளைத் தாய்மார் ஐந்து நிமிஷம் வெயில் காட்டிவிட்டுப் போனார்கள். மூட்டுவலிக் கிழடுகள் ஜெயில் வாசலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். உச்சிக்காலப் பூசை செய்ய வந்த பூசாரி, பூசை முடிகிற நேரமே வராததால் மூன்று நாள் மணியடித்து, கை வீங்கி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பலகை வீடுகளுக்குப் பின்சுவர் எழும்பிச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் ஆயின. பஸ் கண்டக்டர் உச்சித்தெரு எறங்கு என்று கத்த ஆரம்பித்தார். யாருமே சுயம்புவை மறக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அவரைச் சுற்றி மூன்று அடிக்குப் பாய் விரிக்கமாட்டார்கள், போகும்போது வரும்போது, என்ன மாப்ள, சௌக்கியமா என்று கேட்காமல் போகமாட்டார்கள். அவரும் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கு வழியாகவே, சௌக்கியம் என்பார்.

செல்லக்கனி தினமும் மூன்று வேளை அவருக்குக் கஞ்சி கொண்டுபோனாள். பக்கவாட்டில் நின்று வாயில் ஊற்றுவாள், வேர்வையைத் துடைப்பாள், ஊர்க்கதை சொல்லுவாள். எதிரே போய் நிற்கமாட்டாள். கதாநாயகன் நிற்க வேண்டிய இடம் என்று தெருவின் மறுகடைசியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது, அந்த வட்டத்தையும் அவர் பார்வையையும் மறைக்கக் கூடாது என்பது அன்றைக்கு டைரக்டர் போட்ட உத்தரவு. அதனால் இத்தனை வருஷமும் அவர் அவளைக் கடைக்கண்ணால்தான் பார்த்தார், அவளும் அவருடைய ஒரு பக்கத்துக் காதையும் கன்னத்தையும்தான் பார்த்தாள்.

"கால் வலிக்கா?"

"இல்ல."

"விட்டுராதிய. அந்த மனுசன் வந்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். சிரிச்ச வாய் அத்தனையும் பொத்தட்டும்."

"சரி."

இப்படியே நாள் போயிற்று. அவளுக்குப் பெருமைதான். கொடுத்த சொல்லுக்கு என் வீட்டுக்காரவிய மாதிரி நிற்க இந்த ஜில்லாவில் ஆள் உண்டா என்று குழாயடியில் சொல்லாத நாளில்லை. ஆனால் ராத்திரி தனியாகப் படுத்துக் காலையில் தனியாக எழுந்திருக்கிறவள் அவள்தானே. அவள் அழுதாள், ஒருநாள் இரண்டுநாள் அல்ல. அழுதுவிட்டு முகம் கழுவித்தான் கஞ்சிச்சட்டியைத் தூக்குவாள்.

பதினோராவது வருஷம் விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் கொண்டுவந்த புது வியாபாரி ஒருவர், அவள் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான் கேட்டார்.

"தம்பியாம்மா? பாவம், நல்லா கவனிச்சுக்கிடுதீங்க."

அவள் ஊற்றிக்கொண்டிருந்த கஞ்சி சிந்தியது. கல்யாணத்தில் அவருக்கு இருபத்தேழு, அவளுக்கு இருபத்துநாலு; படக்காரர்கள் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. தெருவில் நின்றவருக்கு மத்தியானம் கழியவில்லை, ஆகவே வயசும் கழியவில்லை. அதே கன்னம், அதே கருகரு மீசை. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். காதோரம் வெள்ளை. கண்ணுக்குக் கீழே சுருக்கம். இன்றைக்குத் தம்பி என்கிறான், இன்னும் பதினைந்து வருஷம் போனால் மகனா என்று கேட்பான், அப்புறம் நான் செத்துப்போவேன், அவிய அங்கேயே இருபத்தொன்பது வயசில் நின்றுகொண்டிருப்பாவிய. அன்றே பஞ்சாயத்துத் தலைவர் கோயில்பிச்சையிடம் போய், மதராஸ் போய் அந்த டைரக்டரைக் கூட்டிவந்து கட் சொல்லவைக்கப் போகிறேன் என்றாள்.

கோயில்பிச்சை கெட்டவர் இல்லை. ஆனால் நாலு கிட்டங்கிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏ தாயி, அவசரப்படாத. ஒரு ஆளு நிக்கதால முந்நூறு வீடு உக்காந்து சாப்பிடுது. அவருக்கு வெயில் படாம பந்தல் போடுதோம். மாலை போடுதோம். கோயில்ல முதல் மரியாதை அவருக்குத்தான். வேற என்ன வேணும், சொல்லு."

"எனக்கு வீட்டுக்காரவிய வேணும்."

"இங்கனதான நிக்காரு?"

"அப்ப நீங்க போய் நில்லுங்க அண்ணாச்சி, அவியள வீட்டுக்கு அனுப்புதேன். உங்க வீட்டு மதினி கஞ்சி கொண்டாரட்டும்."

செல்லக்கனி ரயிலேறினாள்.

மார்த்தாண்டத்தைக் கண்டுபிடிக்கக் கோடம்பாக்கத்தில் ஆறு நாள் ஆயிற்று. பெரிய டைரக்டர் ஆகவில்லை. சோப்புக்கும் பல்பொடிக்கும் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், தலை முழுக்க வழுக்கை. அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னுமா நிக்கிறார்? ஐயோ, நான் கட் சொல்லலியா?"

"சொல்லலிய. வாங்க, சொல்லுங்க."

அப்போதே கிளம்பினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ரயிலில் மதுரை தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அன்னிக்குக் காமிராவுல பிலிமே இல்லை. முந்தின நாளே தீர்ந்துபோச்சு. தெரிஞ்சா ஹீரோ ஓடிருவார்னு சும்மா எடுக்கிற மாதிரி நடிச்சோம்."

வெறும் பெட்டிக்கு முன்னால் பதினோரு வருஷமா? இது தெரிந்தால் வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே இடிந்து விழுவாரே. அவள் அந்த வழுக்கைத் தலையில் நாலு போடலாமா என்றுகூட நினைத்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத அவியகிட்ட சொல்லப்படாது. கட்டு சொல்லணும், ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லணும். ஊர் முன்னால சத்தமா சொல்லணும்."

ஊர் திரண்டுவிட்டது. மிளகாய்ப் பாய்களுக்கு நடுவில் முந்நூறு வீட்டுக்காரர்களும் நின்றார்கள்; பாதிப்பேர் இவர் கட் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள். மார்த்தாண்டம் சுயம்புவின் முதுகுக்குப் பின்னால், காமிரா இருந்த இடத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"கட்! ஓகே! ரொம்பப் பிரமாதம்! இந்த மாதிரி ஒரு ஷாட் யாரும் கொடுத்ததில்லை!"

ஒன்றும் நடக்கவில்லை. சூரியன் இருந்த இடத்தில் இருந்தது. சுயம்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பொய் சொல்லாதிய சார்," என்று பல்லிடுக்கு வழியாகச் சத்தம் வந்தது. "அன்னைக்குக் காமிரா ஓடலல்லா?"

டைரக்டர் செல்லக்கனியைப் பார்த்து, நான் சொல்லவில்லை என்று கையை விரித்தார்.

"மூணு நாளும் என் முதுகுக்குப் பின்னால மாவு மில்லு ஓடுத கணக்கா ஒரு சத்தம் கேட்டுது. நாலாம் நாளு கேக்கல. ஆக்‌ஷன் சொன்ன அந்த நிமிசமே எனக்குத் தெரியும்."

செல்லக்கனிக்கு வந்ததே கோபம்! கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய், அந்தக் காதுக்குள் கத்தினாள்.

"தெரியுமா? தெரிஞ்சா நின்னிய? பதினோரு வருசம் நான் ஒத்தையில கெடந்தேன். ஒத்தையில பொங்கினேன், ஒத்தையில தின்னேன். தெரிஞ்சுக்கிட்டே இங்கன நின்னு என்னத்தக் கண்டிய? யாருக்காக நின்னிய?"

"ஒனக்காகத்தான்," என்றார் சுயம்பு.

அவள் அவர் காதை விட்டு ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

"மூணாம் நாளு ஊரு சிரிச்சுது. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. நீ தலையக் குனிஞ்சுட்ட. அதுதான் எனக்குத் தாங்கல. இனிமே ஒன் தல குனியப்படாதுன்னு நின்னேன். அப்புறம் நீ டெய்லி வந்து விட்டுராதிய, நில்லுங்கன்னுதான் சொன்ன. நின்னேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, போதும் வாங்கன்னு சொல்லிருந்தியன்னா வந்திருப்பேன் கனி. நீ கூப்பிடவே இல்லையே."

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, பதினோரு வருஷம். கால் வலிக்கா என்று கேட்டிருக்கிறாள், விட்டுராதிய என்று சொல்லியிருக்கிறாள், ஊர்க்கதை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். வாங்க என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அவருடைய கௌரவத்துக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்று அவளும், அவளுடைய தலை குனிந்துவிடக் கூடாதே என்று அவரும். அட பாவிகளா, என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

பிறகு அவள் திரும்பி நடந்தாள். மிளகாய்ப் பாய்களைத் தாண்டி, சாராயக்கடையைத் தாண்டி, ஜெயிலைத் தாண்டி, தெருவின் மறுகடைசிவரைக்கும் போய், பதினோரு வருஷமாக யாரும் கால்வைக்காத சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஏறி நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள். கோயில்பிச்சை மட்டும், ஏ தாயி, முந்நூறு வீடு, என்று தீனமாக ஆரம்பித்தார்.

"முந்நூறு வீட்டுக்கும் தனித்தனியா மொட்டமாடி இருக்கு அண்ணாச்சி," என்றாள் அவள், அவரைத் திரும்பிப் பாராமலே. பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏங்க! போதும். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சுயம்பு கையைத் தொங்கவிட்டார். முதல் அடி எடுத்துவைத்தார். அவர் காலடியில் சுருண்டு கிடந்த நிழல் ஒரு விரற்கடை வெளியே வந்தது.

சில பெண்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, ஏட்டி, பொழுது சாயுது, அள்ளுங்கட்டி என்று கத்திக்கொண்டு பாயைச் சுருட்ட ஓடினார்கள். அத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் அவசரப்பட்டதில்லை, அதனால் ஒருத்தர்மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டார்கள். சுயம்பு நடந்தார். அதே நடைதான், காலுக்கு நடுவில் ஆட்டுக்குட்டி போகிற நடை. ஆனால் பாங்கி வாசலைத் தாண்டும்போது மீசையில் ஒரு வெள்ளை முடி தெரிந்தது. சாராயக்கடையைத் தாண்டும்போது நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. நிழல் நீள நீள அவருக்குக் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது, தோள் கொஞ்சம் இறங்கியது, காதோரம் நரைத்தது. ஊர் அதைப் பார்த்துக்கொண்டே மிளகாய் அள்ளியது. செல்லக்கனிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. பாதியில் போய்ப் பிடித்துவிட்டால் பதினோரு வருஷத்தில் பாதி பாக்கி நின்றுவிடுமே என்று, வட்டத்தை விட்டு ஒரு அடிகூட எடுக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய நின்றாள்.

ஜெயிலைத் தாண்டும்போது வெயில் மஞ்சளாகியது. கடைசிப் பத்து அடியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் நின்றார், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் நடந்தார். வட்டத்தின் ஓரத்துக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயசு, அவளைவிட மூன்று வயசு மூப்பு, அளவெடுத்த மாதிரி.

அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்கி அவள் காதோரத்தைத் தொட்டார்.

"ஏட்டி, நரைச்சிட்டே."

"உங்களுக்குந்தான்," என்றாள் செல்லக்கனி.